கன்னம் மரத்துப்போகும் சைனஸ்

சைனஸ் என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது வெறும் சைனஸ்தான். சளிக்கிருமி உள்ளே போய், மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில் நீர் கட்டும். பத்து நாளுக்குள் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் சொல்லவருவது மிக அரிதாக வரும் ஒரு பூஞ்சை நோயைப் பற்றி. மியூக்கோர் நோய் என்பார்கள், செய்திகளில் ‘கறுப்புப் பூஞ்சை’ என்று வந்தது. இதைப் படித்துவிட்டுத் தும்முகிற ஒவ்வொருவரும் பயந்துபோகக் கூடாது. ஆனால் அந்த நோய் எப்படிப்பட்டவர்களைப் பிடிக்கிறதோ, அப்படிப்பட்டவர்கள் நம் மலேசியத் தமிழர்களில் ஏராளம். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில், நுண்ணுயிரியல் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களுக்கு வருவதில் முக்கால்வாசி சிறுநீரும் ரத்தமும் சளியும்தான். எப்போதாவது அறுவைக்கூடத்திலிருந்து ஒரு சின்ன டப்பா வரும். அதற்குள் உப்புநீரில் நனைத்த துணியில், மூக்கின் உள்ளிருந்து வெட்டிய கறுத்த துண்டு ஒன்று இருக்கும். டப்பா வருவதற்கு முன்பே போனும் வந்துவிடும். அறுவை செய்கிற டாக்டர் மேசையை விட்டு நகராமல் எங்கள் பதிலுக்காகக் காத்திருப்பார்.

அந்தத் துண்டை மற்றவற்றைப் போல அரைக்கக் கூடாது. நாங்கள் சந்தேகப்படும் பூஞ்சைக் குடும்பத்துக்கு மியூக்கோரேல்ஸ் என்று பெயர். அதன் இழைகளில் குறுக்குச் சுவர் அநேகமாக இருக்காது. அரைத்தால் இழை கிழிந்து உள்ளிருப்பது கொட்டி, பூஞ்சை செத்துவிடும். அப்புறம் தட்டில் எதுவும் முளைக்காது. ஆகவே கத்தியால் மெதுவாக நறுக்குவோம். ஒரு நறுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சதையைக் கரைப்போம். பூஞ்சையின் சுவரில் ஒட்டி ஒளிரும் சாயம் ஒரு துளி. விளக்கை அணைத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், அகலமான நாடா போன்ற இழைகள், மடங்கியும் முறுக்கியும், ஏறத்தாழச் செங்குத்தாகக் கிளைவிட்டு நீல வெள்ளையாக ஒளிரும். இழை மெலிந்து, குறுக்குச் சுவரோடு, கூர்ங்கோணத்தில் பிரிந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் என்கிற வேறொரு பூஞ்சை இனமாக இருக்கலாம்.

இந்த வேறுபாட்டில்தான் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதல் மருந்தாகக் கொடுக்கும் வோரிகோனசோல், மியூக்கோரேல்ஸை ஒன்றும் செய்யாது. அதற்கு ஆம்போடெரிசின் பி வேண்டும். ரத்தத்தில் பூஞ்சையின் அடையாளத்தைத் தேடும் வழக்கமான பரிசோதனைகளும் மியூக்கோரேல்ஸைப் பொறுத்தவரை கைவிட்டுவிடும். மூக்கில் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்புவதும் நம்பத்தக்கதல்ல. சதைத் துண்டு வேண்டும், கண்ணால் பார்க்க வேண்டும்.

இந்தப் பூஞ்சையை நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். பூத்துப்போன ரொட்டியில் கறுப்புப் புள்ளிகளோடு சாம்பல் நிறத்தில் படர்வது இதே மியூக்கோரேல்ஸைச் சேர்ந்த ரைசோபஸ் இனம்தான். மண்ணில், அழுகிய இலையில், பழத்தில், மழைக்காலத்து ஈரச் சுவரில் இதன் வித்துகளும் மற்றப் பூஞ்சைகளின் வித்துகளும் இருக்கின்றன. பினாங்கின் புழுக்கத்தில் அவற்றுக்குக் குறையே இல்லை. உள்ளே போன வித்தை மூக்கின் சளிப்படலம் பிடித்துக்கொள்கிறது. தப்பியதை வெள்ளணுக்கள் விழுங்கிவிடுகின்றன. நமக்குத் தெரியாமலே இது நடந்து முடிந்துவிடுகிறது.

எங்கே முடிவதில்லை? ரத்தப்புற்றுக்கு மருந்தேறி வெள்ளணுக்கள் விழுந்துபோனவர்களிடம். உறுப்பு மாற்றிக்கொண்டவர்களிடம். நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களிடம். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டுக்கடங்காத இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், உள்ளவர்களிடம்.

இனிப்புநீருக்கும் இந்தப் பூஞ்சைக்கும் உள்ள உறவைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சர்க்கரை மிக ஏறினால் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. இது எல்லாக் கிருமிக்கும் பொது. இன்சுலின் அடியோடு போதாமல் போய், உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, ரத்தத்தில் கீட்டோன் சேர்ந்து அமிலமாகும்போதுதான் மியூக்கோரேல்ஸுக்குக் கதவு திறக்கிறது. ரத்தத்தில் இரும்புச்சத்து சும்மா திரிவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்கிற புரதம் அதைக் கட்டிப் பிடித்திருக்கும். ரத்தம் அமிலமானால் அந்தப் பிடி தளர்கிறது. இரும்பு விடுபடுகிறது. ரைசோபஸ் வளர வேண்டியது இரும்பு. அமிலத்தையும் கீட்டோனையும் தாங்கி வாழும் திறனும் அதற்கு உண்டு. கூடவே, ரத்தக்குழாயின் உட்சுவரில் இந்தப் பூஞ்சை பற்றிக்கொள்கிற ஒரு புரதம் இருக்கிறது. சர்க்கரையும் இரும்பும் கூடினால் அந்தப் புரதமும் கூடுகிறது. ஒருகாலத்தில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரும்பை வெளியேற்ற டெஃபெராக்சமின் என்ற மருந்து கொடுத்தார்கள். அவர்களில் சிலருக்கு இந்த நோய் வரக்கண்டு ஆராய்ந்தபோது, அந்த மருந்து பிடித்த இரும்பை ரைசோபஸ் பறித்துத் தின்றுகொண்டிருந்தது தெரியவந்தது.

பற்றிய பிறகு அது ரத்தக்குழாய்க்குள் புகுந்து வளரும். குழாயில் ரத்தம் உறையும். அந்தக் குழாய் ஊட்டிய சதை பட்டுப்போய்க் கறுக்கும். செத்த சதைக்கு ரத்தம் போகாது என்பதால், ஊசியில் ஏற்றும் மருந்தும் அங்கே போய்ச் சேராது. ஆகவேதான் மருந்தால் மட்டும் இதைத் தீர்க்க முடிவதில்லை, வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

மூக்கில் வந்தது மூளைக்கு எப்படிப் போகும் என்று உறவினர்கள் கேட்பார்கள். நம் ஊர் தெரஸ் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தனித்தனி வாசல், தனித்தனி எண். உள்ளே ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். கண்களுக்கு நடுவில் இருக்கும் எத்மாய்டு என்கிற சைனஸ் அறைகளுக்கும் கண்குழிக்கும் இடையிலான எலும்பு காகிதத்தைப் போல மெலிந்தது. அதன் லத்தீன் பெயரே காகிதத் தகடு என்றுதான் பொருள்படும். மூக்கின் கூரையில், வாசனை நரம்புகள் நுழைவதற்காகச் சல்லடைத் துளைகள் உள்ள ஒரு தகடு. அதற்கு மேலே உட்கார்ந்திருப்பது மூளையின் முன்மடல். தலைக்கு நடுவில் ஆழத்தில் ஸ்பீனாய்டு அறை. அதன் பக்கச்சுவருக்கு அப்பால் பார்வை நரம்பும், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியான கேரோட்டிடும். அந்தத் தமனி, கண்ணுக்குப் பின்னால் உள்ள கேவர்னஸ் சைனஸ் என்கிற சிரைக்குளத்தின் நடுவே போகிறது. கண்ணை அசைக்கும் மூன்று நரம்புகளும், நெற்றிக்கும் கன்னத்துக்கும் உணர்ச்சி தரும் கிளைகளும் அதே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

அதனால்தான் பூஞ்சை அங்கே எட்டும்போது இமை தொங்குகிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது, நெற்றியும் கன்னமும் மரத்துப்போகின்றன. கேரோட்டிட் அடைபட்டால் பக்கவாதம். சல்லடையைத் தாண்டி மேலே ஏறினால் முன்மடலில் சீழ்க்கட்டி. எலும்பை உடைக்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. ரத்தக்குழாய்களின் ஓரமாகவும், முகத்தின் நரம்பைப் பற்றிக்கொண்டும் உள்ளே போய்விடும். மூளைக்குள் போனபின் இறப்பவர்களே அதிகம்.

இதையெல்லாம் புத்தகத்திலும் தகட்டிலும் பார்த்துவந்தவளுக்கு, சில வருடங்களுக்கு முன் அது சொந்த வீட்டுக்குள் வந்தது.

பட்டர்வொர்த்தில் என் சித்தப்பா. லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வெகுநாளாக இனிப்புநீர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு கிளினிக்கில் மாத்திரை வாங்குவார், பாதியைத்தான் விழுங்குவார். முட்டிவலிக்கு யாரோ நண்பர் வாங்கிக்கொடுத்த ஜாமு என்கிற மலாய் நாட்டு மருந்து மாத்திரை அவருக்குக் கைகண்ட மருந்தாகிவிட்டது. முட்டிவலி போன இடம் தெரியவில்லை. பசி எடுத்தது, முகம் உருண்டு மினுங்கியது. “சித்தப்பா தெம்பா இருக்காரு பாத்தியா” என்று சித்தி சந்தோஷப்பட்டார்.

பெயரும் பதிவு எண்ணும் இல்லாத வலி மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது வலியைத் தணிக்கும். சர்க்கரையைக் கண்டபடி ஏற்றும். வெள்ளணுக்களின் கையையும் கட்டிவிடும். சித்தப்பா தின்றதில் என்ன இருந்தது என்று நிரூபிக்க வழியில்லாமல், மிச்சத்தை வீட்டில் குப்பையில் போட்டுவிட்டார்கள். பார்த்த டாக்டர்கள் அத்தனை பேரும் அதைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

முதலில் வலது மேல்பல் வலி. பிறகு மூக்கடைப்பு, அதுவும் வலது பக்கம் மட்டும். பக்கத்துக் கிளினிக்கில் சைனஸ் என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மூக்கிலிருந்து கறுத்த கசிவு வந்ததைக் காய்ந்த ரத்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு சாயங்காலம் சித்தி எனக்குப் போன் போட்டார்.

“பாப்பா, சித்தப்பா மூஞ்சில ஒரு பக்கம் மரத்துப் போச்சின்னு சொல்றாரு. மூஞ்சி கழுவினா தண்ணி பட்டது தெரியலயாம். டிவில ரெண்டு ரெண்டா தெரியுதாம். கண்ணாடி மாத்தணுமா?”

“சித்தி, வலி எப்படி இருக்கு?”

“வலி இப்ப கொறஞ்சிருச்சிம்மா. அதான் நல்லாயிட்டு வருதுன்னு இருந்தோம்.”

வலி குறைந்தது என்பதுதான் என்னை உட்காரவிடவில்லை. உணர்ச்சி நரம்பு சாகும்போது வலியும் சேர்ந்து போய்விடும். “காலையில போகலாம்னு வேணாம் சித்தி, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க. காது மூக்கு தொண்டை டாக்டர் பாக்கணும்னு கேளுங்க” என்றேன். அண்ணன் அவரைக் காரில் ஏற்றினார்.

அவசரப் பிரிவில் சர்க்கரை எந்திரத்தில் எண்ணே வரவில்லை, ‘ஹை’ என்று மட்டும் காட்டியது. ரத்தத்தில் கீட்டோன் இருந்தது. குழாய்க் கேமராவை மூக்கில் விட்ட இளம் டாக்டர், உள்ளே நடுத்தட்டு கறுத்திருப்பதைக் கண்டதும் மூத்தவரைக் கூப்பிட்டார். அண்ணத்தில் ஒரு காசு அளவுக்குக் கறுப்பு. எம்ஆர்ஐயில் சாயம் ஏற்றினால் உயிருள்ள சதை வெள்ளையாக மின்னும், செத்தது கறுப்பாகவே கிடக்கும்; சித்தப்பாவின் படத்தில் மூக்கின் வலப்பக்கம் கறுப்பாகக் கிடந்தது. ஆய்வுக்கூடத்தின் பதில் அன்றிரவே வந்துவிட்டது. மருந்து அதற்கும் முன்பே தொடங்கியிருந்தது. சந்தேகம் வந்த கணமே தொடங்கியதற்காக அந்த டாக்டர்களை நான் எப்போதும் நன்றியோடு நினைக்கிறேன்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ரத்தப்புற்று நோயாளிகளுக்கு வந்த மியூக்கோர் நோயை வைத்து அமெரிக்காவின் ஹூஸ்டனில் செய்த ஆய்வொன்று 2008-இல் வெளியானது. ஆம்போடெரிசினை 6 நாள் அல்லது அதற்கு மேல் தாமதித்தவர்களில் 100-க்கு 83 பேர் 12 வாரத்துக்குள் இறந்தார்கள். முன்பே தொடங்கியவர்களில் 49 பேர். சித்தப்பாவுக்கு இருந்தது ரத்தப்புற்று அல்ல, இனிப்புநீர்தான். ஆனால் இந்தப் பூஞ்சையிடம் நாள் கடத்தினால் என்ன ஆகும் என்பது அதில் தெரிகிறது.

அறுவையைப் பற்றி டாக்டர் சொன்ன ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. எங்கே நிறுத்துவது என்று கேட்டதற்கு, “ரத்தம் வருகிற வரைக்கும் வெட்டுவோம்” என்றார். செத்த சதையில் ரத்தம் வராது. ரத்தம் கசிகிற இடம் உயிருள்ள இடம், அதுதான் எல்லை. முதல் அறுவையில் மூக்குத் தட்டுகளும் சைனஸ் சுவர்களும் போயின, அடுத்ததில் மேலண்ணத்தின் ஒரு பகுதி. அதன் பிறகு கண்ணைப் பற்றிய பேச்சு வந்தது. அதற்குள் வலது கண் அசையவும் இல்லை, வெளிச்சமும் தெரியவில்லை. அண்ணன் நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்று, “கண்ணையா எடுக்கணும் டாக்டர்?” என்று மட்டும் கேட்டார். வேறு வார்த்தை வரவில்லை. கையெழுத்துப் போட்டது சித்தி. “ஆளு இருந்தா போதும்” என்றார். கண்ணை எடுப்பதால் எல்லோரும் பிழைப்பதில்லை, எடுக்காமல் பிழைத்தவர்களும் உண்டு. அந்த முடிவை எங்கும் நிபுணர்கள் பலமுறை யோசித்துத்தான் எடுக்கிறார்கள்.

ஆம்போடெரிசின் எளிதான மருந்து கிடையாது. 1950-களில் வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பக்கத்து மண்ணிலிருந்து கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்தது. குளிரும் நடுக்கமும் வரும். சிறுநீரகத்தைச் சுடும். பொட்டாசியத்தை இறக்கும், தினமும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கொழுப்பு உறைக்குள் வைத்த புதிய வடிவம் சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. அதைத்தான் சித்தப்பாவுக்கு வாரக்கணக்கில் ஏற்றினார்கள். பிறகு மாதக்கணக்கில் போசகோனசோல் மாத்திரை.

இத்தனைக்கும் நடுவில் ஒருநாள் காலை சித்தப்பாவின் இடது கை தேநீர்க் குவளையைப் பிடிக்கவில்லை. வலது கேரோட்டிடுக்குள் உறைந்த ரத்தத்தில் ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருந்தது. மறுபடி எடுத்த படத்தில் முன்மடலின் அடியில் ஒரு சிறிய சீழ்க்கட்டியும் தெரிந்தது. மண்டையைத் திறக்க வேண்டாம், மருந்தைக் கூட்டிப் பார்ப்போம் என்று நரம்பியல் அறுவை டாக்டர் சொன்னார். அது மெல்லச் சுருங்கியது.

சித்தப்பா பிழைத்தார். ஒரு கண்ணோடும், அண்ணத்தின் ஓட்டையை அடைக்கும் ஒரு தகட்டோடும், மந்தமான இடது கையோடும் வீடு திரும்பினார். தகட்டைக் கழற்றினால் பேச்சு புரியாது, தண்ணீர் குடித்தால் மூக்கில் வரும். உறவினர்கள் பார்க்க வந்தபோது இவற்றைப் பார்த்துத்தான் அழுதார்கள். சித்தி அழுதது வேறொன்றுக்காக.

யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர் அவர். தீபாவளிக்கு எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுத்துவிட்டுத் தான் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார். வீடு வந்தபின் சின்ன விஷயத்துக்கும் சீறினார். பேரப்பிள்ளையின் சத்தம் பொறுக்கவில்லை. சில நாள் காலையிலிருந்து மாலைவரை நாற்காலியை விட்டு எழவே மாட்டார், சாப்பிடவா என்றாலும் பதில் இல்லை. சித்தியும் முதலில் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார், பிறகு சோம்பல் என்று, பிறகு தன்மேல் வெறுப்பு என்று. “ஒரு கண்ணு போனதுக்கு என்ன பண்ணுவாரு, கோவம் வரத்தான செய்யும்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, சமையலறையில் நின்று அழுதிருக்கிறார். முன்மடல் என்பது ஒருவர் தன்னை அடக்கிக்கொள்கிற, ஒரு காரியத்தைத் தொடங்குகிற இடம். அங்கே காயம்பட்டால் ஆளின் குணமே மாறலாம். இதை வீடு திரும்பும் அன்றே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் சித்திக்கு அத்தனை மாத வேதனை மிச்சமாகியிருக்கும். மறுவாழ்வுப் பிரிவில் ஒரு மனநல ஆலோசகர் படம் வரைந்து காட்டிய பிறகுதான், “அப்ப இது அவரு இல்ல, அந்தக் காயமா?” என்று சித்தி கேட்டார். இன்று நேரம் வகுத்து, ஒரே நேரத்தில் ஒரே வேலை சொல்லி, டிவி சத்தம் குறைத்து, அவரை நடத்திப்போகிறார். முழுவதும் பழைய ஆள் திரும்பவில்லை. பாதிக்கு மேல் திரும்பியிருக்கிறார்.

2021-இல் இந்தியாவில் கோவிட் இரண்டாம் அலையின்போது நடந்ததை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மியூக்கோர் நோயாளிகள் பதிவானார்கள். ஆம்போடெரிசினுக்குக் கடைகடையாக அலைந்தார்கள். தமிழ்நாட்டிலும் கண் இழந்தவர்கள் உண்டு. கோவிடும் கட்டுப்படாத சர்க்கரையும் தாராளமான ஸ்டீராய்டும் ஒன்றாகச் சேர்ந்ததே பெருங்காரணம். உயிர்காக்க ஸ்டீராய்டு தேவைப்பட்டவர்களும் இருந்தார்கள். தேவையே இல்லாமல் வீட்டில் வாங்கி விழுங்கியவர்களும் இருந்தார்கள். 2022 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் முதன்முறையாகப் பூஞ்சைகளுக்கென்று ஒரு முன்னுரிமைப் பட்டியல் வெளியிட்டது. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் மிக முக்கியம் என்ற முதல் பிரிவிலும், மியூக்கோரேல்ஸ் அடுத்த பிரிவிலும் இருக்கின்றன.

எல்லாப் பூஞ்சைச் சைனஸும் இப்படி வெட்டிக்கொண்டு போகாது என்பதையும் சொல்ல வேண்டும். சிலருக்கு ஒரு குழிக்குள் பூஞ்சை உருண்டையாகக் கிடக்கும், எடுத்துவிட்டால் முடிந்தது. சிலருக்கு அது ஒவ்வாமையாக வந்து பாலிப் என்கிற சதை வளரும். ஆஸ்பர்ஜில்லஸ் சிலரிடம் மாதக்கணக்கில் மெதுவாக ஊர்ந்து, விடாத ஒற்றைப்பக்கத் தலைவலியாகவும் மங்கும் பார்வையாகவும் காட்டி, படத்தில் கட்டி என்று ஏமாற்றும். அதற்கும் சதைத் துண்டுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

2019-இல் நம் நாட்டின் தேசியச் சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்றது. இந்தியர்களில் அது 31 விழுக்காடு. மூன்று பேர் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டால் ஒருவர். அவர்களிலும் பாதிப்பேர் தனக்கு இருப்பதே தெரியாதவர்களாகவோ, மாத்திரையைப் பாதியில் விட்டவர்களாகவோ இருந்தால்கூட எனக்கு வியப்பில்லை; எங்கள் குடும்பத்திலேயே அப்படித்தான். அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்கலாம். அந்த வரிசையில் காத்திருக்கும் அரைநாள் பெரிதாகத் தோன்றும்போது, தயவுசெய்து என் சித்தப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் இனிப்புநீர் உள்ளவருக்கோ, ஸ்டீராய்டு எடுப்பவருக்கோ, புற்றுநோய் மருந்து ஏறுபவருக்கோ சைனஸ் என்று வந்தால் முகத்தின் இரண்டு பக்கத்தையும் தொட்டுக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் மரத்திருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் வீக்கமா? இமை தொங்குகிறதா, இரட்டையாகத் தெரிகிறதா, கண் பிதுங்குகிறதா? மூக்கிலிருந்து கறுத்த கசிவா? வாயைத் திறந்து விளக்கடித்து அண்ணத்தைப் பாருங்கள், கறுப்பு உண்டா? காரணமில்லாமல் பல் ஆடுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், காது மூக்கு தொண்டைப் பிரிவும் ஸ்கேனும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கவுன்டரில் ‘சைனஸ்’ என்று சொன்னால் அவசரமில்லாதவர்களுக்கான பச்சை வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். “முகா கெபாஸ் செபெலா, அடா கெஞ்சிங் மானிஸ்” என்று சொல்லுங்கள்: முகம் ஒரு பக்கம் மரத்திருக்கிறது, இனிப்புநீர் இருக்கிறது. பார்வைக் கோளாறு இருந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். தின்கிற மாத்திரை, ஜாமு, நாட்டு மருந்து, நண்பர் கொடுத்தது, எதுவானாலும் பையோடு எடுத்துப்போங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். திட்டினாலும் பரவாயில்லை, அந்தப் பை டாக்டர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.